பேய் நடையும் ஸ்டெல்லா இல்லமும்

பேய் காட்டிப் பிழைக்கிற தொழிலில் பேயால் ஒரு தொந்தரவும் கிடையாது. எல்லாத் தொந்தரவும் உயிரோடு இருக்கிறவர்களால்தான்.

திண்டுக்கல்லில் மலைக்கோட்டை அடிவாரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குப் புறப்பட்டு ஏழரைக்கு முடிகிற பேய் நடை என்னுடையது. பத்து வருடம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் போனிலேயே டிக்கெட் போடப் பழகியதும் ஆபீஸை மூடிவிட்டார்கள். கொடைக்கானல் போகிற ஜனங்கள் ஒரு ராத்திரி இங்கே லாட்ஜில் தங்கி, பிரியாணி சாப்பிட்டு முடித்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பதைப் பத்து வருடம் பார்த்தவள் நான். இவர்களுக்குப் பேயையாவது காட்டுவோம் என்று ஒரு டார்ச் லைட்டோடு இறங்கிவிட்டேன்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைப்பேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு ஊரே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தது. கஸ்டமர் முகம் பார்த்துப் பிழைக்கிறவர் யாராக இருந்தாலும், இதைப் படித்துவிட்டு என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

அளக்க வந்தவர்கள்

ஆரம்பித்த புதிதில் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு பழைய தெருவில் நின்றேன். அங்கே மாடிக்கு மாடி ஒரு தலையில்லாத சிப்பாய் நடப்பதாகச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு மெதுவாக நகர்த்தினேன். ஒரு கூட்டம் தெருவில் நின்று சுவர்களைப் பார்க்கிறது என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ரோட்டை அகலப்படுத்த ஆள் வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெரியவர் பத்திரத்தின் ஜெராக்ஸை பிளாஸ்டிக் கவரோடு கொண்டுவந்து, படிக்கட்டுகூடத் தன் இடத்துக்குள்தான் இருக்கிறது என்று என் கூட்டத்தில் இருந்த பெங்களூர்க்காரரிடம் விளக்க ஆரம்பித்தார். பெங்களூர்க்காரருக்குத் தமிழ் அரைகுறை. மரியாதைக்காக அவர் பத்திரத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தது நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டது.

நான் நடுவில் புகுந்து, நாங்கள் அளக்க வரவில்லை, பேய் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, ரோடு போட வந்தா ரோடு போட வந்தோம்னு நேராச் சொல்லுங்க. பேயின்னு சொல்லி வீட்டக் காலி பண்ண வைக்கிற வேலையெல்லாம் இங்க வேணாம்."

சுவருக்குப் பின்னால் ஒருவர்

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிற ஒருவர் குடும்பத்தோடு வந்தார். தக்காளிப் பெட்டியில் அடித்தட்டைக் கிளறிப் பார்த்தே பழகியவர் என்பதால், என் கதைகளையும் அடித்தட்டு வரை கிளறினார். நான் ஒரு பக்கம் கையைக் காட்டினால் அவர் எதிர்ப்பக்கம் பார்ப்பார். யாரோ ஒரு ஆளை வெள்ளை வேட்டி கட்டி ஒளித்து வைத்திருக்கிறேன், சமயம் பார்த்து அவன் குதிப்பான் என்பது அவருடைய முடிவு. வெள்ளைக்காரர்களைப் புதைத்த பழைய கல்லறைச் சுவரோரம் நான் ஒரு துரையின் கதையைத் தொடங்கியபோது மனிதர் கூட்டத்தில் இல்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அங்கே நிஜமாகவே வெள்ளை வேட்டியில் ஒருவர் இருந்தார். பட்டறை வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவசரத்துக்கு ஒதுங்கியவர். மண்டிக்காரர் அவர் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்து வர, அந்த ஆள் போலீஸ்தான் பிடித்துவிட்டது என்று நினைத்து, இனிமேல் இங்கே ஒதுங்கவே மாட்டேன் என்று கும்பிட்டார். அவரை விடுவித்து அனுப்ப எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. கிளம்பும்போது மண்டிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஏனுங்க, ஆளு ரொம்ப நல்லா நடிக்கிறாருங்க. அவரையே வச்சுக்குங்க, மாத்திப்போடாதீங்க."

பேர் கேட்ட பெண்

என் தொழிலுக்கு ஒரு விதி வைத்திருந்தேன். ஊரில் இந்தத் தொழில் செய்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் விதியையும் நானேதான் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பேய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. பெயரில்லாத பேய் யாருடைய சொந்தமும் இல்லை. பெயர் வைத்துவிட்டால் அடுத்த வாரமே யாராவது ஒரு சித்தப்பா சண்டைக்கு வந்து நிற்பார்.

நடையின் கடைசி இடம் பூட்டுப் பட்டறைகள் இருக்கிற ஒரு சின்னத் தெரு. ஆறு மணிக்கெல்லாம் பட்டறைகளை மூடிவிடுவார்கள். தெருக்கோடியில் வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற ஒரு வீடு, துருப்பிடித்த கேட், முற்றத்தில் இடுப்பளவு செடி. கல்யாணத்துக்கு முந்தின நாள் செத்துப்போன ஒரு பெண் இந்த வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லி முடிப்பேன். முழுக்க முழுக்க என் கற்பனை. ஒருநாள் காந்திகிராமம் பக்கம் படிக்கிற நாலு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அதில் கண்ணாடி போட்ட ஒரு பெண் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, எந்த வருடம், யார் சொன்னது, ஆதாரம் என்ன என்று வரிசையாகக் கேட்டாள். செத்துப்போன பெண்ணின் பெயர் என்ன என்றும் கேட்டாள். மற்ற மூன்று பேரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டார்ச் வெளிச்சம் கேட் தூணில் விழுந்தது. அங்கே கல்லில் 'ஸ்டெல்லா இல்லம்' என்று செதுக்கியிருந்தது. ஸ்டெல்லா என்று சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது. கண்ணாடிக்காரப் பெண் அதை எழுதிக்கொண்டு நோட்டை மூடினாள்.

"பேரு இருக்குல்லக்கா. அப்ப நடந்துதான் இருக்கும்."

கடகட சத்தம்

அதற்குப் பிறகு அவள் ஸ்டெல்லாதான். பெயரோடு சொன்னால் கதை நன்றாக எடுபட்டது. ஆடி முடிந்த சமயம் ஒருநாள், கதையின் நடுவில், அந்த வீட்டுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. சாத்திய ஜன்னல் இடுக்கில் மஞ்சளாக ஒரு வெளிச்சம். தையல் மெஷின் மிதிக்கிற சத்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது. பேயே இல்லை என்று எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியும், நான்தானே அதை உண்டாக்கினவள். இருந்தும் அன்று முதலில் திரும்பி நடந்தது நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். தொழில் நன்றாக ஓட வேண்டுமென்று ரகசியமாக ஸ்பீக்கர் வைத்திருப்பார் என்று சந்தேகம். "பேய்க்கு ஸ்பீக்கர் வைக்கத் தெரிஞ்சவனா இருந்தா, ஆறு மாசமாக் கெடக்குற மிக்ஸிய ரிப்பேர் பண்ணிக் குடுத்துருக்க மாட்டேனா" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாளும் சத்தம் வந்தது. யாரோ அதைப் படம் பிடித்து ரீல்ஸில் போட, ஊர் முழுக்கப் பார்த்தது. எனக்குக் கூட்டம் இரண்டு மடங்கு. நானும் கதையில் ஒரு துண்டு சேர்த்தேன். கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை முடிக்காமலே செத்துப்போனாள், அதைத்தான் இன்னும் தைக்கிறாள் என்று. பால்காரர் சிரித்தாலே சந்தேகப்படுகிறவள், எனக்கு லாபமான அந்தச் சத்தத்தை மட்டும் யாருடையது என்று போய்ப் பார்க்கவில்லை. வத்தலக்குண்டிலிருந்து வந்த ஒரு அம்மா அந்த ஜன்னலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், அவளும் முடிச்சுப் போட்டுட்டுப் போயிரணும்னுதான பாக்குறா."

மூன்று நாள் வந்தவர்

ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்மணி தனியாக வந்தார். காட்டன் சேலை, தோளில் ஒரு துணிப்பை. கூட்டத்தின் கடைசியில் நின்றார். போட்டோ எடுக்கவில்லை, பயப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. ஸ்டெல்லா கதை வந்தபோது மட்டும் முன்னால் வந்து நின்று கேட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். ஒரே பேயைப் பார்க்க இரண்டு தடவை காசு கொடுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. என் கதைகளைக் களவாண்டு போட்டியாகத் தொழில் தொடங்கப் போகிறவரா, ஏதாவது அரசாங்க ஆபீஸிலிருந்து வேவு பார்க்க வந்தவரா என்று எனக்குத் தூக்கமே இல்லை. அவர் வந்த நாட்களில் வீட்டுக்குள்ளிருந்து மெஷின் சத்தம் வரவில்லை. இன்றைக்கு அவளுக்கு மனசு சரியில்லை என்று கூட்டத்திடம் சொல்லிச் சமாளித்தேனே தவிர, அதையும் இதையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது தடவை வந்தபோது முதன்முதலாக வாயைத் திறந்தார். ஸ்டெல்லா எப்படிச் செத்தாள் என்று கேட்டார். விஷக் காய்ச்சல் என்றேன். தலையாட்டிக்கொண்டார். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய், துருப்பிடித்த கேட்டின் பூட்டில் போட்டுத் திருகினார். எண்ணெய் விட்டு வைத்திருப்பார் போல, சத்தமில்லாமல் திறந்துகொண்டது. என் கூட்டத்தில் இரண்டு பேர் ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து ஓடியே போய்விட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார், குரலை உயர்த்தவில்லை. "மொத நாளு வேற யாரையோ சொல்றீகன்னு நெனச்சேன். ரெண்டாம் நாளும் எம் பேரத்தான் சொன்னீக. இன்னைக்கு சாவியோட வந்துருக்கேன். நான்தாம்மா ஸ்டெல்லா, உள்ள வாங்க."

ஜன்னலோர மெஷின்

மற்றவர்களை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். போகாமல் இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த வீடு அவருடைய அப்பா கட்டி, ஒரே மகளின் பெயரை வைத்தது. அப்பா போன பிறகு ஸ்டெல்லாக்கா வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போய்விட்டார். பத்தொன்பது வருடம். வயதாகிவிட்டது, வேகம் போதவில்லை என்று போன ஆனி மாதம் நிறுத்திவிட்டார்கள். ஒரு மெஷினை எடுத்துக்கொண்டு சொந்த வீட்டுக்கு வந்தவர், முன் கேட் பூட்டு இறுகிப்போனதால் பின் சந்துக் கதவைத் திறந்து புழங்கினார். ஜாக்கெட் தைத்துத் தரப்படும் என்று அங்கேயே ஒரு அட்டையும் தொங்கவிட்டிருந்தார். என் நடை அந்தச் சந்துப் பக்கம் போகாது.

முதல் வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து நாலு பெண்கள் துணி கொடுத்திருக்கிறார்கள். ரீல்ஸ் வந்ததும் நாலு பேரும் வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி தானே வராமல் புருஷனை அனுப்பி, அவன் சந்து முனையில் நின்று துணியை வீசச் சொன்னானாம். அதற்குப் பிறகு ஒரு துண்டுத் துணி வரவில்லை. ரேஷன் அரிசியை வைத்துக்கொண்டு நாட்களைத் தள்ளியிருக்கிறார். தைக்கத் துணி இல்லையென்றால் சாயங்காலம் எதைத் தைத்தீர்கள் என்று கேட்டேன். மெஷின் மேல் கிடந்த பழைய ஜன்னல் திரையை எடுத்துக் காட்டினார். தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்து, ஓரமெல்லாம் ஊசித் துளையாக இருந்தது. எனக்கு அவமானத்தில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"மிஷினு சத்தம் கேட்டா, இங்க ஒரு டெய்லர் இருக்கான்னு தெரிஞ்சு நாலு பேரு வருவாகன்னுதாம்மா ஜன்னலோரமாப் போட்டு மிதிச்சேன். நீங்க தெனமும் எட்டுப் பேரக் கூட்டிட்டு வந்து கேட்டுட்டுப் போனீக."

உயிரோடு இருப்பதற்கு ஆதாரம்

மறுநாளிலிருந்து அந்தக் கேட்டில் நின்று உண்மையைச் சொன்னேன். ஸ்டெல்லா என்பவர் உயிரோடு இருக்கிறார், நன்றாகத் தைப்பார், கதை நான் கட்டியது, மன்னித்துவிடுங்கள் என்று. கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. கதை கட்டியபோது ஆதாரம் கேட்காதவர்கள் உண்மைக்கு ஆதாரம் கேட்டார்கள். ஸ்டெல்லாக்காவே வெளியே வந்து கேட்டில் நின்றார். எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். நைட்டி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் பெருமூச்சு விட்டு நைட்டியைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினார். கால் இருக்கிறது, சரி, ஆனால் செருப்பு ஏன் இல்லை என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

வீடியோவாகவும் எடுத்துப் போட்டேன். அதைப் பார்த்தவர்கள், பேய்க்கு மேக்கப் சரியில்லை என்று எழுதினார்கள். ஒரு வாரம் ஆகியும் ஒருத்தி துணி கொண்டு வரவில்லை. ஸ்டெல்லாக்கா வீட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத் திருப்பூருக்கே போய் ஏதாவது கடையில் பட்டன் வைத்தாவது பிழைக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் தினமும் தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னேன். கடைசியில் மதுரைக்காரர் ஒருவர் என்னை நிறுத்தினார். "அவுக உசுரோட இருக்காகன்னு நீங்க இம்புட்டுத் தடவ சொல்றதுதான்க்கா எனக்குச் சந்தேகமா இருக்கு."

கழுத்தளவு

சொல்லிப் பயனில்லை, போட்டுக் காட்டுவோம் என்று ஒரு ஜாக்கெட் பிட்டும் பழைய அளவு ஜாக்கெட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டெல்லாக்கா அளவு ஜாக்கெட்டை விரித்துப் பார்த்து, தைத்தவனைத் திட்டிவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். தானே அளவெடுப்பதாகச் சொன்னார். கூட்டம் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தோள், கை, மார்பு வரைக்கும் சரியாகத்தான் போனது. பின்னாலிருந்து டேப்பைக் கழுத்தில் சுற்றியபோது அவர் விரல் என் பிடரியில் பட்டது. ஜில்லென்று இருந்தது. நான் கட்டிய கதையே என் முதுகில் ஏறிக்கொண்டது. தோள் தானாகக் காது வரை உயர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே யாரோ 'பாத்தியா' என்று முணுமுணுத்தார்கள். இந்த அம்மாவுக்கு இத்தனை செய்துவிட்டு இன்னும் நானே அவரை நம்பவில்லையே என்று என் மேல் எனக்குக் கோபமாக வந்தது. ஸ்டெல்லாக்கா டேப்பைத் தளர்த்தினார், கையை எடுக்கவில்லை.

"பயந்து தோளத் தூக்குனா அளவு தப்பாப் போகும்மா. மூச்ச விட்டுட்டு நில்லுங்க."

சொன்ன தேதி

செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை தந்தார். அதுவும் சொன்ன மணிக்கு. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. போட்டுக்கொண்டு என் பக்கத்து வீட்டு ராணியிடம் காட்டப் போனேன். ராணி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, கழுத்து வெட்டை மெச்சி, எந்தக் கடை என்று ஆசையாகக் கேட்டாள். சொன்ன தேதிக்கே தந்துவிட்டார் என்று நான் பெருமையடித்ததுதான் தப்பு. ராணி கையை எடுத்துக்கொண்டாள். அவள் அனுபவத்தில் சொன்ன தேதிக்கு ஜாக்கெட் கொடுத்த டெய்லர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. அப்படியென்றால் அது மனுஷியே இல்லை என்று சொல்லிவிட்டாள்.

ஸ்டெல்லாக்காவிடம் போய், அடுத்து யாராவது கொடுத்தால் இரண்டு நாள் தள்ளிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். கோபப்பட்டார். பத்தொன்பது வருடம் எக்ஸ்போர்ட்டில் இருந்தவராம், கப்பல் காத்திருக்காதாம். ஆனால் ராணிக்கு அந்தக் கழுத்து வெட்டை மறக்க முடியவில்லை. தீபாவளி நெருங்கியபோது துணைக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று பிட் கொடுத்துவிட்டு வந்தாள். துணைக்குப் போனவர்களும் ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள். ஒற்றை ஆள், பழைய மெஷின், நடுவில் இரண்டு நாள் பெல்ட் வேறு அறுந்துவிட்டது. கப்பல் அக்கா ஜென்மத்தில் முதல் தடவையாகத் தேதி தவறினார்.

அன்று நான் பத்துப் பேரோடு தெருவில் நுழையும்போதே ராணியின் குரல் கேட்டது. கேட்டில் இடுப்பில் கை வைத்து நின்று, தெருவே கேட்கத் திட்டிக்கொண்டிருந்தாள். நேற்று வா என்றாய், இன்று வா என்றாய், என் நாத்தனார் முன்னால் நான் எதைப் போட்டுக்கொண்டு நிற்பது என்று. உள்ளேயிருந்து ஸ்டெல்லாக்கா, தைத்தாகிவிட்டது, ஹூக் மட்டும்தான் பாக்கி, செத்த நேரம் இரு என்றார். ஹூக் மட்டும்தான் பாக்கி என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். அவரவர் டெய்லரிடம் அவரவர் கேட்ட அதே வார்த்தை. ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி ராணியோடு சேர்ந்து ஒரு வார்த்தை திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்காவது முடியுமா என்று தன் துணியைக் கேட்டுக்கு மேலாக நீட்டினாள். அதை வாங்க வந்த ஸ்டெல்லாக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு திட்டு வாங்கிய ஒருவர் அவ்வளவு சந்தோஷமாக நின்று நான் பார்த்ததில்லை. என் கூட்டத்தில் ஒருவர், இந்த வீட்டில் என்ன பேய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ராணி திரும்பிவிட்டாள்.

"பேயாம்ல, பேயி. மூணு நாளா ஹூக்கு மட்டும் பாக்கிங்குறா. சரியான டெய்லரு."

இந்தத் தொழிலில் செத்தவர்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், செத்துத்தான் போனார்களா என்று முதலில் ஒரு தடவை கதவைத் தட்டிக் கேட்டுக்கொண்டால் போதும்.